இடது பக்கம் திருப்பினால் திறக்கும்

"நான் சொல்றதை முழுசா கேளு அத்தை. உன் கடையை இடிக்கப்போறது நான் இல்ல."

"பின்ன யாரு? உன் ஆபீஸ்தானேடி?"

"ஆபீஸ்னா நானா? அங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

"அந்த எத்தனையோ பேர்ல ஒருத்தி என் அண்ணன் பொண்ணு. இதே ஸ்டூல்ல உக்காந்து என் டீயைக் குடிச்சே வளர்ந்தவ. இப்ப உன் ஆளுங்க வந்து என் சுவத்துல சிவப்புக் கோடு போட்டுட்டுப் போறாங்க. கோடு நேராகூட இல்ல, பாரு!"

கோடு நிஜமாகவே கோணல்தான். அத்தைக்குக் கடை போவதில் கோபமா, கோடு கோணலாக இருப்பதில் கோபமா என்று குருவிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குருவி என்பது அத்தை வைத்த பெயர். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள், ஆரம்பித்த பேச்சைப் பாதியில் நிறுத்தமாட்டாள். குடிநீர் வடிகால் அலுவலகத்தில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நகரத்துக்குக் கீழே ஓடும் குழாய் ஒவ்வொன்றின் ஜாதகமும் அவளுக்கு அத்துப்படி. வழியில் யாராவது மணி கேட்டால்கூட, "மணி கிடக்கட்டும், நீங்க நிக்கிற இடத்துக்கு நேர் கீழ முட்டை வடிவத்துல ஒரு செங்கல் சாக்கடை போகுது, தெரியுமா?" என்பாள். கேட்டவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.

இப்போது பிரச்சினை இதுதான். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. நூல் மாதிரி வரும், இருமும், நின்றுவிடும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் தெருவில் எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் எப்போதும் திறந்தே இருக்கும். கீழே ஒரு வாளி. வாளியில் சொட்டுச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இதைச் சரிசெய்யத்தான் புதிதாக ஒரு பெரிய குழாய் பதிக்கப்போகிறார்கள். அது போக வேண்டிய வழியில், மேட்டின் அடியில், அத்தையின் சைக்கிள் கடை உட்கார்ந்திருக்கிறது. நாளை காலை அடிக்கல் விழா. விழா முடிந்த கையோடு கடை காலி.

"அங்க ஏற்கெனவே ஒரு பெரிய குழாய் இருக்கு அத்தை. அதுதான் எனக்கு ஆறவே இல்ல. உன் கடைக்கு எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த வால்வு குழியில இருந்து நேரா மேல ஏறுது. யானைத் தும்பிக்கை மாதிரி தடியான குழாய். ஆனா நூல் மாதிரி கசியறதைத் தவிர தண்ணி வரமாட்டேங்குது."

"ஏன்?"

"உள்ள துரு பிடிச்சு அடைச்சுக்கிச்சாம். மைக் சொல்றாரு."

மைக் என்பது பெரிய இன்ஜினியர். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும் என்பதால் அலுவலகம் முழுவதும் அவருக்கு அந்தப் பெயர். அவர் முன்னால் மட்டும் "சார்".

"அவர் உள்ள போய்ப் பார்த்தாரா?"

"யாரு பார்த்தா? வருஷா வருஷம் மேஸ்திரியும் ஆளுங்களும் வந்து வால்வைத் திருப்பி, முழுசா திறந்திருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. திறந்தும் தண்ணி வரலன்னா அடைப்புதானேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அத்தை பெருமூச்சு விட்டாள். "சரி, சும்மா வாயாடாம அந்தப் பச்சை சைக்கிள்ல இடது பெடலைக் கழட்டு. கடை இருக்கிற வரைக்குமாவது வேலை நடக்கட்டும்."

குருவி ஸ்பேனரை மாட்டி இடது பக்கம் திருப்பினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கொஞ்சம் அசைந்தது, ஆனால் கழலவில்லை. காலை ஊன்றி, முகம் சிவக்க, முழு பலத்தோடு திருப்பினாள்.

அத்தை டீயை வைத்துவிட்டு ரசித்துக்கொண்டிருந்தாள். "நல்லா இறுக்குடி. இன்னும் கொஞ்சம் இறுக்கினா சைக்கிளோட சேர்த்துதான் பெடலை விக்கணும்."

"இறுக்கறேனா? நான் கழட்டிக்கிட்டு இருக்கேன்!"

"இன்ஜினியர் அம்மா, இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழண்டு விழக் கூடாதுல்ல? அதைக் கழட்டணும்னா வலது பக்கம் திருப்பணும். நீ கழட்டறதா நினைச்சுப் பண்ணினதெல்லாம்..."

அத்தை சொல்லி முடிக்கவில்லை. ஸ்பேனர் தரையில் விழுந்தது. பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு குருவி வாசலுக்கு ஓடி, எதிரே இருந்த வால்வு குழியின் மூடியையே பேய் பிடித்தவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை... கிழக்குக் கம்பெனி!"

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், சுவையான கதைதான். நகரத்துக்கு முதன்முதலில் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தது அரசாங்கம் இல்லை. இரண்டு தனியார் கம்பெனிகள். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டுக்கும் கீரி பாம்பு உறவு. ஒருவன் ஒரு தெருவில் குழாய் பதித்தால், மறுநாள் மற்றவன் அதே தெருவில் பக்கத்திலேயே பள்ளம் தோண்டுவான். போட்டி மும்முரத்தில், வீட்டுக்குள் வரும் தண்ணீர் வெளியே போகவும் வழி வேண்டும் என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். தெருவெல்லாம் நாறிய பிறகுதான் சாக்கடை கட்டினார்கள். இதற்கு நடுவில் மேற்குக் கம்பெனி ஆட்கள் பட்டப்பகலில் வந்து கிழக்குக் கம்பெனியின் வால்வுகளை மூடிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கிழக்குக்காரன் சண்டைக்குப் போகவில்லை. சத்தம் போடாமல் தன் வால்வுகளையெல்லாம் தலைகீழாகத் திருகும்படி மாற்றிவிட்டான். மேற்கில் இடது பக்கம் திருப்பினால் திறக்கும். கிழக்கில் வலது பக்கம். அதற்குப் பிறகு மேற்கு ஆள் வந்து "மூடினால்", தண்ணீர் இன்னும் நன்றாகப் பாய்ந்தது. எப்படி இருக்கிறது பாருங்கள் குறும்பு!

பிற்பாடு நகராட்சி இரண்டையும் வாங்கி, ஊரை மேற்குப் பிரிவு, கிழக்குப் பிரிவு என்று பிரித்துக்கொண்டது. கிழக்குப் பிரிவு ஆட்களுக்கு வலது பக்கம் பழக்கம், மேற்குக்கு இடது பக்கம் பழக்கம், ஒரு வம்பும் இல்லை. அப்புறம் ஒருநாள் புது ரோடு போட்டு எல்லையை மாற்றினார்கள். மேட்டுத் தெரு கிழக்கிலிருந்து மேற்குப் பிரிவுக்கு வந்தது. கூடவே ஒரே ஒரு கிழக்கு வால்வும் வந்தது.

"அவங்க வருஷா வருஷம் வந்து திறக்கல அத்தை," என்றாள் குருவி. மூச்சு வாங்கியது. "வருஷா வருஷம் வந்து, ரொம்பப் பொறுப்பா, மூடிட்டுப் போறாங்க!"

மேஸ்திரியிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த டீ கிளாஸ் அந்தரத்தில் நின்றது. மேற்குப் பிரிவில் அவர் கை படாத வால்வு கிடையாது. கறுத்த, கட்டையான மனிதர்; கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"மேடம், நீங்க என்ன சொல்ல வர்றீங்க? நான் மூடிட்டுத் திறந்ததா சொல்றேனா?"

"தெரிஞ்சு பண்ணீங்கன்னு சொல்லல மேஸ்திரிண்ணே."

"அப்போ தெரியாம பண்ணினேன்னு சொல்றீங்க. அது இன்னும் மோசம் இல்லீங்களா மேடம்?"

"ஒரே ஒரு தடவை வலது பக்கம் திருப்பிப் பார்த்தா..."

"பெரியவர் உத்தரவு இல்லாம நான் வால்வு மூடியைக்கூடத் தொடமாட்டேன். இன்னொண்ணும் கேளுங்க. இடது பக்கம் திருப்பறப்போ அது கடைசியில டக்குனு நிக்கும். முழுசா திறந்தா அப்படித்தான் நிக்கும்."

"முழுசா மூடினாலும் அப்படித்தானே நிக்கும்?"

மேஸ்திரி மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரிய இன்ஜினியர் அறையில் நிலைமை இன்னும் மோசம். அவர் கண்ணாடி முன்னால் நின்று, நாளைய பேச்சைக் கையசைவுகளோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மேட்டுத் தெரு வால்வு..."

"ஏம்மா, 'தாகம் தீர்ப்பேன்' நல்லா இருக்கா, 'தாகத்தைத் தீர்த்தே தீருவேன்' நல்லா இருக்கா?"

"ரெண்டாவது சார். அந்த வால்வு தலைகீழ் வால்வா இருக்கலாம் சார். ஒரு தடவை வலது பக்கம்..."

"இத்தனை வருஷம் சர்வீஸ்ல நான் பார்க்காத வால்வா? அது செத்த குழாய்ம்மா. நாளைக்கு விழா. பந்தல் போட்டாச்சு, கல்லுல என் பேர் செதுக்கியாச்சு. இப்ப வந்து வலது, இடதுன்னா? போ, போய் நாற்காலி எண்ணு."

குருவி போனாள். நாற்காலி எண்ணவில்லை.

மறுநாள் காலை, மேட்டடியில் பந்தல், மேடை, பூமாலை போட்ட கல், காத்து நிற்கும் இடிப்பு இயந்திரம். அத்தை கடைச் சாமான்களைக் கட்டவே இல்லை. வம்புக்கென்றே ஒரு சைக்கிளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மேஸ்திரி வந்தார். தலையில் குறுக்குக் கம்பி வைத்த, ஆள் உயரத்துக்கு நிற்கும் வால்வு சாவி அவர் தோளில் இருந்தது. அதைக் கடைச் சுவரில், அந்தக் கோணல் கோட்டின் மேலேயே சாய்த்து வைத்தார்.

"மேடம், இது ரொம்ப கனமா இருக்கு. விழா முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது."

"சரிண்ணே."

"குறிப்பா, பெரியவர் பேச ஆரம்பிச்சப்புறம் தொடவே கூடாது. அப்ப எல்லாரும் மேடையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. திருட்டுப் போனாக்கூடத் தெரியாது." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அத்தை அவர் முதுகைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், கைகளில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தாள். "இந்த மனுஷன் எப்பவாவது சைக்கிள் கொண்டு வந்தா, பஞ்சர் ஒட்டிக் குடுத்துட்டுக் காசு வாங்காதே."

மேடையில் மைக் மைக்கைப் பிடித்தார். அத்தையும் அண்ணன் மகளும் ரோட்டைக் கடந்து, வால்வு குழி மூடியை நெம்பித் திறந்து, சாவியை உள்ளே இறக்கினார்கள். வலது பக்கம். அசையவில்லை. அத்தை கடையிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்துவந்து குறுக்குக் கம்பியில் மாட்டித் தொங்கினாள். எத்தனை வருஷ இறுக்கமோ! கிறீச்சென்று ஒரு முனகல். அப்புறம் சாவி திரும்பியது.

"மெதுவா அத்தை! வேகமா திறந்தா குழாய் வெடிச்சிடும். கொஞ்சம் திருப்பு, நில்லு, கொஞ்சம் திருப்பு."

"அதோ நிக்குதே இடிக்கிற மிஷின், அது மெதுவா வருமாடி?"

"அத்தை, ப்ளீஸ்!"

"சரி சரி, கத்தாதே. நான் ஃப்ரீவீல் கழட்டாத ஆளா?"

குருவி சாவியில் காதை வைத்தாள். இரும்புக்குள் ஏதோ உஸ் என்றது. அப்புறம் யாரோ தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம். அவள் கண்கள் விரிந்தன. "வருது அத்தை. வருது, வருது, வருது!"

மேடையில் பேச்சு உச்சத்தில் இருந்தது. "இந்தத் தெருவின் தாகத்தைத் தீர்த்தே தீருவேன்! மேட்டுத் தெருவில் கடைசி வீடு வரை தண்ணீர் பொங்குவதை என் கண்ணால் பார்க்காமல்..."

அப்போதுதான் தெரு விசிலடித்தது. திறந்தே கிடந்த குழாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்த காற்றைக் கக்கின. வீட்டுக்கு வீடு ஒவ்வொரு சுருதி. மேலேயிருந்து நாய்கள் பதில் சொல்லின. அடுத்து வாளிகள் உருளும் சத்தம். அதற்கடுத்து ஒரு பெண்ணின் அலறல், "ஐயோ, தண்ணி! சமையலறை பூரா தண்ணி!"

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறார்கள்! மறு நொடி நாற்காலிகள் கவிழ்ந்தன, மொத்தத் தெருவும் மேட்டில் ஏறி ஓடியது. மேடைக்கு முன்னால் மிஞ்சியது இடிப்பு இயந்திர ஓட்டுநர் ஒருவர்தான். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

கூத்து அதோடு முடியவில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் கொட்டிய தண்ணீரெல்லாம் எங்கே போகும்? பாதாளச் சாக்கடைக்குத்தான். இத்தனை வருஷமாகச் சொட்டுத் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்காமல், வண்டல் படிந்து தூங்கிக்கொண்டிருந்த சாக்கடை அது. இப்போது மேட்டிலிருந்து வெள்ளம் உருண்டு வந்தது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த மேன்ஹோல் மூடி முதலில் தாளம் போட்டது, பிறகு நடனமாடியது, பிறகு சாய்ந்தது. கறுப்புத் தண்ணீரோடு பல தலைமுறைப் பிள்ளைகள் தொலைத்த ரப்பர் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து வெளியே வந்து, பெரிய இன்ஜினியரின் வெள்ளைக் கால்சட்டையைச் சுற்றி மிதந்தன. ஒரு செருப்பும் வந்தது. அது யாருடையது என்று இன்றுவரை யாரும் உரிமை கொண்டாடவில்லை.

ஆனால் மைக் லேசுப்பட்ட ஆளா? கால் நனைந்தாலும் வாய் காயவில்லை. மேட்டிலிருந்து சிரித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்த கூட்டத்தைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"பார்த்தீர்களா! அடிக்கல்லைத் தொட்டேன், தண்ணீர் வந்துவிட்டது!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூடிய வால்வு குழியின் மேல் நல்ல பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்த இருவரில் ஒருத்திக்கு மட்டும் ரத்தம் கொதித்தது.

"அத்தை, அந்த ஆளு..."

"உக்காரு."

"நாம திருப்பினதை..."

"உக்காருடி. வேடிக்கை பாரு."

கூட்டத்தின் நடுவிலிருந்து, தலையில் துண்டைச் சுற்றியிருந்த ஒரு பெண் உரக்கக் கேட்டாள். "சார், அதான் தண்ணி வந்துடுச்சே! அப்புறம் எதுக்கு ரோட்டைத் தோண்டறீங்க? எதுக்கு சைக்கிள் கடையை இடிக்கிறீங்க?"

முதல் தடவையாக ஒலிபெருக்கியில் மௌனம் கேட்டது. பெரிய இன்ஜினியர் கூட்டத்தைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், கடைசியில் ரோட்டைத் தாண்டி வால்வு குழியையும் அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களையும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சாவியையும் பார்த்தார். மனிதருக்குப் பேச்சு ஆசை அதிகமே தவிர, மூளை குறைவு இல்லை. முகம் மாறியது.

"கடையை... இடிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை," என்றார் மெல்ல. கைதட்டல் இன்னொரு முறை. அத்தை எழுந்து, வேறு யாரையும் கேட்காமல், மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துச் சுவரில் இருந்த கோணல் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு பெரிய இன்ஜினியர் கடைக்கு வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார். மேஸ்திரியும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார், ஸ்டூலில், தலையைக் குனிந்துகொண்டு.

"எந்தப் பக்கம் திருப்பின?"

"வலது பக்கம் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் ஜூனியரா இருந்தப்போ நானே இந்த வால்வைத் திருப்பியிருக்கேன். இடது பக்கம். நல்லா இறுக்கமா."

அத்தை டீயை நீட்டினாள். "குடிங்க சார். சூடு ஆறிடும்."

அவர் குடித்தார். அப்புறம் குருவியிடம் சொன்னார், "ஏம்மா, ஆபீஸ்ல நம்ம ஊர் தண்ணி சரித்திரத்தைப் புத்தகமா போடறாங்க. மேட்டுத் தெருவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கு. நீயே எழுது. என்ன எழுதணுமோ எழுது, நான் ஒரு வார்த்தை மாத்தமாட்டேன். ஆனா ஒண்ணு. உண்மையை எழுதினா, என் கதை ஒருநாள் சிரிப்போட போயிடும். வருஷா வருஷம் கையால மூடினது யாருன்னு விசாரணை வந்தா, பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல." மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி இன்னும் தலை நிமிரவில்லை.

அவர் போனதும் மேஸ்திரி வாய் திறந்தார். "எழுதுங்க மேடம். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. எழுதலைன்னா, நான் ரிட்டையர் ஆனப்புறம் வர்றவன் இடது பக்கம்தான் திருப்புவான்."

"அதுக்கு எதுக்கு புத்தகம்? மூடி மேல ஒரு அம்புக்குறி வரைஞ்சா போதாதா?" என்றாள் அத்தை. "பெயின்ட் என்கிட்ட இருக்கு. நானே நேரா வரைவேன்."

"அம்புக்குறி பெயின்ட் அழியும் அத்தை. அதோட, எதுக்கு இந்த ஒரு வால்வு மட்டும் தலைகீழ்னு யாருக்கும் புரியாது. கிழக்குக் கம்பெனிக்காரனோட குறும்பு, எல்லை மாறினது, இத்தனை வருஷம் ஒரு தெருவே வாளியோட காத்துக்கிட்டு இருந்தது... இதெல்லாம் எழுதாம அது என்ன சரித்திரம்?"

"எழுதினா சாவியைக் குடுத்த ஆளுக்குத் தலைகுனிவு. எழுதலைன்னா மைக்குக்கு மாலை. ரெண்டுல எதுடி உனக்கு ஜீரணமாகும்?"

மேட்டில் எங்கேயோ யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள், மறுபடி திறந்து மறுபடி மூடினார்கள், நிஜம்தானா என்று பார்க்கிற மாதிரி. குருவி ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்த கதை" என்று தலைப்பு மட்டும் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் அடுத்த வரியில் என்ன எழுதுவீர்கள், சொல்லுங்களேன்?